அட்டையைக் கிழிக்காமல் கட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் பழைய வார இதழ்களின் அட்டைப்படங்களுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். ஆறு அட்டைகள், கலரும் நன்றாக வந்திருந்தது. பேரனின் பள்ளிக்கூடப் பையில் இருந்த லென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஆறில் நான்கு படங்களில் ஓவியரின் கையெழுத்து இருக்கிறது. ஒன்றில் சேலைக் கொசுவத்தின் ஓரமாக, லென்ஸ் இல்லாமலே படிக்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் படங்களுக்குக் கீழே நீங்கள் போட்டது பத்திரிகையின் பெயரும் வருஷமும்தான். வரைந்தவர் பெயர் ஒன்றுக்குக்கூட இல்லை. அதைக் கேட்கத்தான் முதலில் பேனாவை எடுத்தேன். எழுத உட்கார்ந்த பிறகு, பல வருஷமாக மனசில் கிடக்கும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

நான் தங்கசாலைப் பக்கம் ஒரு பைண்டிங் கடையில் 35 வருஷம் வேலை பார்த்தவள். 1977இல் சேர்ந்தபோது எனக்கு 18 வயது. ஃபாரம் என்கிற அச்சடித்த பெரிய தாளை மடிப்பது, செட் சேர்ப்பது, தைப்பது, பசை காய்ச்சுவது எல்லாம் எங்கள் வேலை. மைதா மாவில் கொஞ்சம் மயில்துத்தம் போட்டுக் காய்ச்ச வேண்டும், அப்போதுதான் பூச்சி அண்டாது. கட்டிங் மெஷின் மட்டும் ஆண்கள் கையில் இருக்கும்.

ஆனால் அட்டைப்படம் என்பது எனக்கு அதற்கும் முன்னாலிருந்தே பழக்கம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. அப்பாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. காசு கொடுத்துப் பத்திரிகை வாங்குகிற வீடு இல்லை. எதிர்ச்சாரியில் சலூன் வைத்திருந்த அண்ணன், பழசானதை எல்லாம் அம்மாவிடம் கொடுத்துவிடுவார். அம்மா அட்டையை மட்டும் பிரித்து, சோற்றுக் கஞ்சி தடவிச் சுவரில் ஒட்டுவார். சுண்ணாம்பு உதிர்வது தெரியாது, வீடும் வெளிச்சமாக இருக்கும். தீபாவளிக்குத் தீபாவளி அதன்மேல் புதுசு ஏறும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் சுவரின் இந்த மூலையில் ஒரு படத்தையும் அந்த மூலையில் ஒரு படத்தையும் காட்டி, இரண்டும் ஒரே ஆள் வரைந்தது என்று சொல்லிவிடுவார். எப்படித் தெரியும் என்று கேட்டால், "வெரலைப் பாருடி, இவரு நகமே போட மாட்டாரு" என்பார். பிற்பாடு கடையில் கையெழுத்தோடு அட்டைகளைப் பார்க்கும்போது, அம்மா சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

அச்சகத்திலிருந்து உள்பக்கங்கள் முதலில் வந்துவிடும். அட்டை கடைசியில்தான் வரும். அது ஆர்ட் பேப்பர் என்கிற வழவழப்பான தாளில் தனியாக அச்சாகி, மை காய வேண்டும். ஒரு கலர் மெஷினாக இருந்தால் அதே தாள் நான்கு தரம் உள்ளே போய் வர வேண்டும்: மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு. ஒரு தரம் நூலிழை விலகினாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். தாளின் ஓரத்தில் கூட்டல் குறி மாதிரி ஒரு அடையாளம் போட்டிருப்பார்கள். நான்கு கலர் கூட்டலும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்து ஒரே கோடாகத் தெரிந்தால் ரெஜிஸ்டர் சரி. எங்கள் முதலாளியின் லென்ஸில் நான் முதன்முதலாக ஒரு அட்டையைப் பார்த்தபோது முகத்தையே காணோம். வரிசை வரிசையாகப் புள்ளிகள்தான். கண்ணை எடுத்தால் மறுபடி அம்மா மடியில் குழந்தை. அன்று சாப்பாட்டு நேரம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதைக்குப் படம் வரைவதும் அட்டைக்குப் படம் வரைவதும் ஒன்றல்ல. கதைப்படத்தைக் கதை தாங்கும். அட்டைப்படம் பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிறவரைக் கூப்பிட வேண்டும். மேலே பத்திரிகையின் பெயருக்கு இடம் விட வேண்டும். ஆகவே ஓவியர் அங்கே வானத்தையோ வெறும் சுவரையோ வைத்திருப்பார். மூன்று பக்கமும் வெட்டு விழும் என்பதால், அந்த ஓரங்களில் முக்கியமான எதையும் வைக்கக்கூடாது. ஆனந்த விகடன் அட்டையில் முன்பு சிரிப்புப் படமே போடுவார்கள். மாலி, ராஜு, கோபுலு எல்லாம் அந்த வழியில் வந்தவர்கள். பார்த்த மாத்திரத்தில் சிரிப்பு வர வேண்டும் என்றால் ஒரு கோடு கூடுதலாக இருக்கக் கூடாது. கோபுலு அவர்களுக்கு வலது கை முடங்கியபோது இடது கையால் வரைந்தார் என்று படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படிப்பட்ட மனிதர்கள் ஒரு மூலையில் போட்ட கையெழுத்து அது. கட்டிங்கில் எட்டில் ஒரு பங்கு அங்குலம் உள்ளே தள்ளி வைத்துவிட்டால், அதில் பாதி தரையில் விழும். விவரம் தெரிந்த ஓவியர்கள் கையெழுத்தை ஓரத்தில் விடாமல், படிக்கட்டின் விளிம்பிலோ பானையின் நிழலிலோ உள்ளே தள்ளிப் போட்டிருப்பார்கள். நீங்கள் போட்டிருந்த கொசுவத்துக் கையெழுத்தும் அப்படித்தான் தப்பியிருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, மனசில் கிடக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கடைக்கு ஒரு நூலகத்திலிருந்து வருஷா வருஷம் வார இதழ்கள் மூட்டையாக வரும். மூன்று மாதத்துக்கு 13 இதழ் என்று சேர்த்து, தைத்து, கலிகோ துணி போட்டுக் கட்டித் தர வேண்டும். கூடவே ஒரு சீட்டு இருக்கும்: "அட்டை, விளம்பரத் தாள் நீக்கிக் கட்டவும்." காரணமும் சொல்வார்கள். ஆர்ட் பேப்பர் கனம், 13 அட்டை சேர்ந்தால் முதுகு பருத்துவிடும். வழவழப்பில் பசை சரியாகப் பிடிக்காது. அப்புறம், படிக்க வருகிறவருக்கு அட்டையில் என்ன இருக்கிறது என்ற எண்ணம். நான்தான் கத்தி முனையால் கம்பிப் பின்னை நிமிர்த்தி, அட்டையை உருவிக் காலடியில் போடுவேன். சாயங்காலம் அது எடைக்குப் போகும். வருஷத்துக்கு 52 அட்டை, ஒரு பத்திரிகைக்கு மட்டும். எத்தனை வருஷம், எத்தனை பத்திரிகை! ஒருவர் நாள்கணக்காக உட்கார்ந்து வரைந்ததை நான் ஒரு நொடியில் உருவிப் போட்டிருக்கிறேன். கூலிக்குச் செய்த வேலைதான். இருந்தும் மனசு ஆறவில்லை.

இதனால் என்ன ஆனது என்று பாருங்கள். கல்கியில் 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வனைத் தாள் தாளாகப் பிரித்துச் சேர்த்து பைண்டு போட்டு வைத்த குடும்பங்கள் ஏராளம். முதுகு விட்டுப்போன அந்தத் தொகுப்புகள் ரிப்பேருக்கு எங்களிடம் நிறைய வந்திருக்கின்றன. கதைப் பக்கத்தோடு மணியம் வரைந்த படங்களும் பிழைத்தன. இன்றைக்கும் வந்தியத்தேவன் என்றால் அவர் வரைந்த முகம்தான் பலர் கண்ணில் வருகிறது. அதே வாரங்களின் அட்டைகள் அந்தத் தொகுப்புகளில் இருக்காது. கதைப் பக்கம் அதில் இல்லை, அதனால் யாரும் சேர்க்கவில்லை. வீட்டிலும் போய், நூலகத்திலும் கிழித்துவிட்டால் பிறகு எங்கே தேடுவது? கல்கி அச்சில் வருவதும் 2020இல் நின்றுவிட்டது. இனிப் புதிதாகச் சேர வழியில்லை, இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு.

ஒரு கட்டத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. முதலாளியிடம் கேட்டு, மனசுக்குப் பிடித்த அட்டைகளை எடைக்குப் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தேன். டிரங்குப் பெட்டி நிறைய, 400க்கு மேல் சேர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். பேரனைத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்கு ஓடினோம், பெட்டி ஞாபகம் வரவில்லை. திரும்பி வந்து திறந்தால் எல்லா அட்டையும் சேர்ந்து செங்கல் மாதிரி ஒரே கட்டியாக இருந்தது. ஆர்ட் பேப்பரின் மேல் வழவழப்புக்காகப் பூசியிருப்பது வெள்ளைக் களிமண். அது நனைந்து காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெதுவாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு அட்டையில் இருந்த முகம் அப்படியே உரிந்து அடுத்த அட்டையின் முதுகில் போய் ஒட்டிக்கொண்டது. தீபாவளி மலர் அட்டை ஒன்று, கையில் மத்தாப்பு பிடித்த சிறுமி. மத்தாப்பு ஒரு தாளில், சிறுமி இன்னொரு தாளில். அதற்கு மேல் பிரிக்க எனக்குக் கை வரவில்லை, என் மகள்தான் மிச்சத்தைப் பிரித்தாள்.

43 அட்டைகள் பிழைத்தன. ஏன் தெரியுமா? ஆரம்பத்தில் சேர்த்தவற்றுக்கு நடுவில் ஒவ்வொரு தாளாகப் பழைய செய்தித்தாளை வைத்திருந்தேன். அந்தத் தாள் தண்ணீரைக் குடித்துக்கொண்டது. பிற்பாடு இடம் போதவில்லை என்று வைக்காமல் விட்டதெல்லாம் போய்விட்டது.

ஆகவே நூலகங்களுக்கு நான் சொல்வது கேள்விப்பட்டதை வைத்து அல்ல. அட்டையை மடிப்பில் இரண்டாகப் பிரித்து, உள்ளோரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மெல்லிய தாள் பட்டை ஒட்டி, அந்தப் பட்டையில் தையல் போட்டால் முதுகு அவ்வளவாகப் பருக்காது. எதிரெதிராக வரும் அட்டைகளுக்கு நடுவில் ஒரு வெறும் தாள் வைத்தால் ஒட்டாது. 13 இதழுக்கு ஒரு கட்டு என்பதை ஏழு, ஆறு என்று இரண்டு கட்டாகப் பிரித்துக்கொள்ளலாம். கூலி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். பைண்டிங்குக்குக் கொடுக்கும் சீட்டில் "நீக்கவும்" என்பதற்குப் பதில் "அட்டையோடு கட்டவும்" என்று எழுதினால் கடைக்காரர்கள் செய்துவிடுவார்கள். தரமணியில் இருக்கிற ரோஜா முத்தையா நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டையூரில் ஒரே மனிதர் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை உட்பட ஒன்றையும் வீசாமல் சேர்த்தது, 1994இல் சென்னைக்கு வந்தது. அவர் விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியராக இருந்தவர். தூரிகை பிடித்த கை என்பதால்தான் எதையும் குப்பை என்று ஒதுக்கவில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இன்றைய பத்திரிகைகளுக்கும் ஒரு வார்த்தை. அட்டையில் போட்டோ போடுவது தப்பென்று சொல்லமாட்டேன், நல்ல போட்டோ எடுப்பதும் கைவேலைதான். எடுத்தவர் பெயரையும், அட்டையை வடிவமைத்தவர் பெயரையும், ஓவியமானால் வரைந்தவர் பெயரையும் உள்ளே முதல் பக்கத்தில் ஒரு வரியில் போட்டுவிடுங்கள். சில இதழ்கள் போடுகின்றன, எல்லாரும் போட வேண்டும். தலைப்பு எழுத்தை வரைந்தவர்களையும் விட்டுவிடக் கூடாது. ஓவியர் ஆதிமூலம் தூரிகையால் எழுதிய இலக்கிய இதழ்த் தலைப்புகளில் அந்த எழுத்தே படமாக நிற்கும். ஓவியர் மாருதி 2023இல் காலமானபோது, அவர் வரைந்த பெண் முகங்களைச் சின்ன வயதில் கத்தரித்து வைத்ததாக எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் சொன்னார்கள். முகம் ஞாபகம் இருக்கிறது, யார் வரைந்தது என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

உங்களிடம் கேட்பது இதுதான். வரும் ஞாயிறு அந்த நான்கு ஓவியர்களின் பெயரையும் தயவுசெய்து போடுங்கள். கையெழுத்து இல்லாத இரண்டுக்கு, வாசகர்களைக் கேளுங்கள், தெரிந்தவர்கள் எழுதுவார்கள்.

என்னிடம் இருக்கும் 43 அட்டைகளையும் கிழிக்காமல் வைத்துக்கொள்ளும் எந்த நூலகத்துக்கும் இலவசமாகக் கொடுக்கிறேன். ஒவ்வொன்றின் பின்னாலும் ஓவியர் பெயரைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன், அதைப் பட்டியலில் ஏற்ற வேண்டும், அது ஒன்றுதான் என் நிபந்தனை. ஏழு அட்டைகளுக்கு மட்டும் பெயர் இல்லை. கையெழுத்து வெட்டில் போனவை அவை. அதில் மூன்று ஒரே கையால் வரைந்தது என்பது எனக்கு நிச்சயம். மூன்றிலும் விரல்களுக்கு நகம் கிடையாது. அவர் யார் என்று சொல்லக்கூடியவர்கள் உங்கள் வாசகர்களில் இருந்தால், படமெடுத்து அனுப்பித் தரச் சொல்லிப் பேரனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பைண்டிங் தொழிலாளி,
கொருக்குப்பேட்டை, சென்னை - 21.