சீகை பூத்த மலையிலிருந்து

டான்டினாங், விக்டோரியா
24-9-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நாங்கள் மூவரும் நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். போன மாதம் அனுப்பிய பணம் அம்மாவின் முழங்கால் வைத்தியத்துக்கு மட்டும்தான். அதைக் கூரைக்கென்று எடுத்து வைக்க வேண்டாம். கூரைக்குத் தனியாக அனுப்புகிறேன்.

போனில் பேச ஆரம்பித்தால் என்ன சமையல், பேத்திக்குச் சளி விட்டதா என்று பேச்சு எங்கோ போய்விடுகிறது. இந்தச் சங்கதியை உங்களிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்றுதான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். வாசலில் வெயிலில் உட்கார்ந்து இரண்டு முறை படிப்பீர்கள் என்று தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நடைப்பயணத்துக்குப் போய் வந்தோம். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் ஒரு மலைத்தொடர் இருக்கிறது. ஊர்ப் பெயரேதான் மலைக்கும். உயரத்தில் நம் மலைக்கு ஈடாகாது. உச்சியே 633 மீட்டர்தான். ஆனால் பனியும், ஈரமும், மரத்தளவு வளர்ந்த பெரணிகளும், குறுகிய தண்டவாளத்தில் புகைவிட்டுக்கொண்டு போகும் ஒரு பழைய ரயிலும் இருக்கின்றன. முதல் தடவை போனபோது குன்னூர் ஸ்டேஷனில் நிற்பதுபோல் இருந்தது. அன்று முழுவதும் நான் சரியாகப் பேசவில்லை என்று உங்கள் மாப்பிள்ளை இன்றும் சொல்வார்.

அந்த மலையில் ஷெர்புரூக் என்றொரு காடு. அதைக் காப்பதற்கென்று அந்தப் பகுதி மக்களே குழுவாகச் சேர்ந்து வேலை செய்கிறார்கள். நாற்று வாங்கவும் களை எடுக்கவும் பணம் வேண்டும் அல்லவா? அதற்குத்தான் இந்த நடை. நடப்பதற்கு எதற்குப் பணம் என்று நீங்கள் கேட்பீர்கள். முன்கூட்டியே தெரிந்தவர்களிடம் போய், நான் பத்துக் கிலோமீட்டர் நடக்கப் போகிறேன், கிலோமீட்டருக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்க வேண்டும். ஒரு டாலர், இரண்டு டாலர் என்று எழுதிக் கொடுப்பார்கள். நடந்து முடித்ததும் வசூலித்துக் குழுவிடம் கட்டிவிட வேண்டும். யாரிடமும் கைநீட்டிப் பழக்கமில்லாத எனக்கு முதல் இரண்டு நாள் வாயே வரவில்லை. பிறகு துணிந்து கேட்டேன். மொத்தம் 430 டாலர் சேர்ந்தது.

அதில் இருபது டாலர், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இருக்கும் ஒரு பாட்டி கொடுத்தது. வயது 91. மேசை இழுப்பறையில் ஒரு பழைய கைக்குட்டைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த நோட்டு. சிறுமியாக இருந்தபோது அந்தக் காட்டுக்குப் பக்கத்தில்தான் அவருக்கு வீடாம். “பணம் பெரிதில்லை, அந்தப் பறவை இன்னும் பாடுகிறதா என்று மட்டும் கேட்டு வந்து சொல்” என்றார். லயர் பறவை என்று அதற்குப் பெயர். லயர் என்பது யாழ் மாதிரி ஒரு கருவி. ஆண் பறவையின் தோகை அந்த வடிவில் இருக்கும். நானும் பேத்தியும் அதை யாழ்ப்பறவை என்றுதான் சொல்கிறோம். மற்றப் பறவைகளின் குரலையெல்லாம் அப்படியே எடுத்துப் பாடும். தரையில் சருகைக் கிளறி இரை தேடுவதால் நரியும் பூனையும் சுலபமாகப் பிடித்துவிடும். இரண்டுமே வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த பிராணிகள். முட்டையோ வருடத்துக்கு ஒன்றுதான் இடும்.

நடையில் எட்டாவது கிலோமீட்டரில், ஓடைக்கு அந்தப்புறம் அது கேட்டது. முதலில் ஒரு கிளியின் குரல், பிறகு சாட்டை சொடுக்குவதுபோல் கூவும் வேறொரு பறவை, பிறகு இங்கே மனிதர் சிரிப்பதுபோல் கத்தும் மீன்கொத்தி. எல்லாம் ஒரே தொண்டையிலிருந்து. முன்னால் போன நாற்பது பேரும் சொல்லாமலே நின்றுவிட்டார்கள். நான் போனில் இரண்டு நிமிடம் பதிவு செய்தேன். திங்கட்கிழமை பணிக்குப் போனதும் பாட்டியின் நல்ல காதருகில் வைத்துப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். “இன்னொரு முறை” என்றார். ஐந்து முறை போட்டேன் அப்பா.

நடை தொடங்கும் முன் ஒரு பெரியவர், இந்த நிலத்தின் முதல் மக்களான வுருண்ட்ஜெரி மக்களுக்கும் அவர்களின் மூத்தோருக்கும் மரியாதை சொன்ன பிறகே மற்றதைப் பேசினார். இங்கு எந்தக் கூட்டமும் இப்படித்தான் தொடங்கும். கோத்தர்கள் இருந்ததால்தான் நம் ஊருக்குக் கோத்தகிரி என்று பெயர். பள்ளி விழா, கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா என்று அங்கே எத்தனையோ மேடைகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்றிலும் அவர்கள் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை.

காட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு தூரிகைப் பெட்டி இருந்தது. செருப்போ ஷூவோ, அடியில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துத் தட்டிவிட்டு, மருந்துத் தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மண்ணில் ஒட்டி வரும் ஒரு கிருமி மரங்களின் வேரை அழுகச் செய்துவிடுமாம். பேத்தி தன் ஷூவைத் தேய்த்துவிட்டு என்னுடையதையும் வாங்கித் தேய்த்தாள். உள்ளே போனால் மலைச்சாம்பல் மரம் என்று இங்கே சொல்லும் ஒருவகைக் கற்பூர மரம், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். பூக்கும் மரங்களில் உலகத்திலேயே உயரமான இனம் அதுதான்.

கற்பூர மரம் என்று எழுதியதும் நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். ஆமாம் அப்பா, நம் ஊரில் தைலம் காய்ச்சும் அந்த மரத்துக்குப் பூர்வீகம் இந்தப் பக்கம்தான். இங்கே வாட்டில் என்று சொல்லும் நம் சீகை மரத்துக்கும்தான். ஆகஸ்ட் கடைசியிலிருந்து மலையடிவாரம் முழுக்க மஞ்சளாக இருக்கிறது. முதல் வருடம் பஸ்ஸிலிருந்து பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. “சீகை வந்த மேட்டில் புல் நிற்காது, புல் போன மேட்டில் தண்ணீர் நிற்காது” என்று நீங்கள் சொல்லிச் சொல்லி வளர்ந்தவள் அல்லவா? ஆனால் இங்கே அது கொண்டாட்டத்துக்குரிய பூ. செப்டம்பர் முதல் தேதியை அதற்கான நாளாகவே வைத்திருக்கிறார்கள். சீகையின் சகோதர இனம் ஒன்றை 1988-இல் நாட்டுப் பூவாக அறிவித்தார்கள். நீங்கள் டிவியில் பார்க்கும் ஆஸ்திரேலிய கிரிக்கெட் அணியின் பச்சையும் மஞ்சளும் இந்த மரத்தை நினைத்து வைத்த நிறம்தான். நடையில் ஒரு கொத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் பொடியை உருட்டி உருட்டி ஒட்டியதுபோல் சின்னச் சின்னப் பந்துகள். அம்மாவும் நானும் வருடக்கணக்கில் சீகை விறகு சுமந்திருக்கிறோம். ஒரு நாளாவது அதன் பூவை நின்று பார்த்ததில்லை.

இங்கே அது அளவோடு நிற்கிறது. அதைத் தின்னும் பூச்சியும், அதில் வரும் நோயும், தீயும் எல்லாம் இங்கேயே இருக்கின்றன. விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும் என்று வெள்ளைக்காரர்கள் நம் புல்வெளியில் கொண்டுபோய் நட்டபோது அதெல்லாம் அதோடு சேர்ந்து போகவில்லை.

இந்தக் காட்டுக்கு எமன் வேறு. ஐவி என்ற கொடி, ஹாலி என்ற முட்செடி, தரையை மூடிப் படரும் இன்னொரு பச்சைக் கொடி. இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் ஊர் நினைவுக்காகத் தோட்டத்தில் வைத்தவைதான் ஐவியும் ஹாலியும். அங்கிருந்து காட்டுக்குள் ஏறிவிட்டன. ஆறாவது கிலோமீட்டரில் எல்லோரையும் நிறுத்தி ஒரு மணி நேரம் வேலை செய்யச் சொன்னார்கள். ஐவியைப் பிடுங்கி இழுத்தால் மரத்தின் பட்டையும் சேர்ந்து வந்துவிடும். அதனால் இடுப்பளவில் ஒரு வெட்டு, கணுக்காலளவில் ஒரு வெட்டு, நடுவில் இருப்பதை மட்டும் உரித்து எடுக்க வேண்டும். மேலே இருப்பது தானாகக் காய்ந்து உதிரும். தரைக்கொடியைப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிப் பையில் கட்ட வேண்டும். ஒரு கணு விழுந்தாலும் மறுபடி முளைக்கும். கவாத்துக் கத்தி பிடித்த உங்கள் மகள் அல்லவா, எனக்குக் கை தானாகப் போனது. அங்கிருந்த பெண்மணி, இதற்கு முன் எங்கே பழகினாய் என்று கேட்டார். தேயிலைத் தோட்டத்தில் என்றேன்.

என்னோடு நடந்தது இலங்கையின் தேயிலை மலையில் உள்ள அட்டனில் பிறந்த ஓர் அக்கா. அவர் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான். வழியெல்லாம் தாத்தா கதையைச் சொன்னேன். இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம், தலைமன்னாரில் கப்பலேறியது, ராமேஸ்வரத்தில் இறங்கியபோது உங்களுக்கு ஒன்பது வயது, கையில் ஒரு தகரப்பெட்டி, பிறகு நீலகிரியில் அரசுத் தேயிலை. தாத்தா காட்டை வெட்டிய இடத்தில் தேயிலை நட்டார். நட்டதால்தான் நாம் சாப்பிட்டோம். வெட்டச் சொன்னவர்கள் யாரும் அங்கே குடியிருக்கவில்லை, தண்ணீருக்கு அலைந்தது நாம்தான் என்று அந்த அக்கா சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. அது நூறு சதவிகிதம் உண்மை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் இந்த நாட்டுக்கு வந்த அன்று, அம்மா முந்தானையில் முடிந்து கொடுத்த அவரை விதையை விமான நிலையத்தில் எடுத்துவிட்டார்கள் என்று அழுதேனே, நினைவிருக்கிறதா? இத்தனை வருடம் அது மனத்தில் ஒரு முள்ளாகவே இருந்தது. அந்தத் தரைக்கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அந்த முள் போய்விட்டது. அம்மாவிடம் சொல்லுங்கள்.

பேத்தியின் காலில் ஓர் அட்டை ஏறிவிட்டது. எல்லோரும் பதறினார்கள். தேங்காய் எண்ணெயில் உப்புக் கலந்து காலில் தேய்த்துக்கொள்ளும் உங்கள் வழக்கத்தை நான்தான் மறந்துபோனேன். அவள் கொஞ்சமும் பயப்படவில்லை. வழியில் கிடந்த பாட்டில்களையும் டின்களையும் பொறுக்கிக்கொண்டே வந்தாள். ஒன்றுக்குப் பத்து சென்ட் கிடைக்கும். 2023 நவம்பரில்தான் இந்த மாநிலத்தில் இந்த ஏற்பாடு வந்தது. நீலகிரியில் மது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்பதை 2022-லேயே கொண்டுவந்துவிட்டார்கள், அதற்கும் வெகு முன்பே, 2000-ஐ ஒட்டி, எங்கள் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பையைத் தடைசெய்துவிட்டார்கள் என்று அங்கிருந்தவர்களிடம் சொன்னேன். ஒருவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பெருமையாக இருந்தது அப்பா.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

நம் கோத்தகிரி லாங்வுட் சோலையை 2024 ஜனவரியில் ராம்சார் இடமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவித்தார்கள். 116 ஹெக்டேர்தான். ஆனால் கீழே உள்ள கிராமங்களின் குடிநீர் அந்தச் சோலையிலிருந்துதான் வருகிறது என்பது உங்களுக்குப் புதிதில்லை. அறிவிப்பு வந்தது நல்லது. ஆனால் ஓரங்களில் ஏறும் சீகையையும் உண்ணிச்செடியையும் காகிதத்தால் பிடுங்க முடியாது. சங்கத்து ஆட்களிடமும், பள்ளி ஆசிரியர்களிடமும் பேசுங்கள். பொங்கல் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை, கோத்தகிரி பஸ் நிலையத்திலிருந்து சோலை ஓரம் வரை ஒரு நடை. வனத்துறையிடம் முன்னதாகவே எழுத்தில் அனுமதி கேளுங்கள். எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்று அவர்கள் ஆளே கூட வரட்டும். எட்டு மணிக்கு மேல் கிளம்புங்கள். கரடியும் காட்டுமாடும் அதற்குள் ஒதுங்கிவிடும். இங்கே இருக்கும் நம் ஊர்க்காரர்களிடம் நான் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று எழுதி வாங்கித் தருகிறேன். அட்டன் அக்கா இப்போதே ஐந்து டாலர் என்று எழுதிவிட்டார்.

பணத்தை வெறும் நாற்றில் போட்டுவிட வேண்டாம். சோலைக் கன்று வெட்டவெளியில் உறைபனிக்குக் கருகிவிடும். நிழல் இருக்கும் ஓரத்தில்தான் பிழைக்கும். மேலே இருப்பது புல்மேடு என்றால் அதில் மரமே வைக்கக்கூடாது. நடுவதைவிட எடுப்பதுதான் பெரிய வேலை. எடுத்த இடத்துக்கு அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் போக வேண்டும். இங்கே ஒரே சரிவுக்கு வருடக்கணக்காகப் போகிறார்கள்.

இது எல்லாவற்றுக்கும் முன் உங்களிடம் ஒரு வேலை. நீங்கள் சிறுவனாக வந்து இறங்கியபோது நம் லயன் வீடுகளுக்கு மேலே என்னென்ன மரம் இருந்தது, தவிட்டுப்பழம் எந்த மேடுவரை காய்த்தது, ஊற்று எந்த மாதம்வரை ஓடியது என்று நினைவிருப்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். கண் வலித்தால் தம்பியை எழுதச் சொல்லுங்கள். வரும் மார்ச்சில் அதே ஊற்றில் ஒரு குடம் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்து அதையும் எழுதி வையுங்கள். இந்தக் குழுவிலும் முதலில் கேட்டது அந்தக் கணக்கைத்தான். என்னிடம் அது இல்லை.

டிசம்பரில் இங்கிருந்து ஒருவர் கோயம்புத்தூர் வருகிறார். உங்களுக்கு நல்ல பிடிப்புள்ள ஷூ ஒன்று கொடுத்து அனுப்புகிறேன். ஒரு தாளில் உங்கள் பாதத்தை வைத்து அம்மாவைக் கோடு போடச் சொல்லி, போட்டோ எடுத்து அனுப்புங்கள். கூடவே சின்னதாக ஒரு தூரிகையும் வரும். அது ஷூவின் அடியைத் தேய்ப்பதற்கு.

அன்புடன்,
உங்கள் மகள்