காஸ்தெல்ஜோவின் பேசப்படாத கண்டுபிடிப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினியில் வரையும் வளைகோடு என்றாலே பெஸியே பெயரைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். ரெனோ கார் நிறுவனத்தில் இருந்த பியர் பெஸியே 1960களில் தம் முறையை வெளியிட்டார், பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் 1959இலேயே சித்ரோயன் நிறுவனத்தில் பால் தெ காஸ்தெல்ஜோ அதே வளைகோட்டை எட்டியிருந்தார். நிறுவனம் அதை ரகசியமாக வைத்துக்கொண்டது. இன்று பாடநூல்களில் வளைகோட்டை வரையும் ஒரு முறைக்கு மட்டும் அவர் பெயர் இருக்கிறது. அந்த முறைக்கு அடியில் கிடப்பதுதான் பெரிய விஷயம். கிராஃப் தாளும் பென்சிலும் இருந்தால் யாரும் பார்த்துவிடலாம்.

(0,0), (0,8), (8,8), (8,0) என நான்கு கட்டுப்பாட்டுப் புள்ளிகளை, அதாவது வளைகோட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கும் புள்ளிகளை, குறித்து வரிசையாக இணையுங்கள். மூன்று கோடுகளிலும் நடுப்புள்ளி எடுத்தால் (0,4), (4,8), (8,4). அவற்றை இணைத்து மீண்டும் நடுப்புள்ளி எடுத்தால் (2,6), (6,6). கடைசியாக ஒருமுறை எடுத்தால் (4,6). வளைகோட்டின் உச்சி அதுதான். காஸ்தெல்ஜோ முறை என்று எல்லோரும் கற்பிப்பது இதுவரைதான்.

இப்போது சுற்றுக்கு ஒரு விகிதம் வையுங்கள். முதல் சுற்றில் கால்பங்கு: (0,2), (2,8), (8,6). இரண்டாம் சுற்றில் அரைப்பங்கு: (1,5), (5,7). பிறகு வரிசையை மாற்றி, முதலில் அரை, அடுத்து கால் என்று போட்டுப் பாருங்கள். அதே (1,5), (5,7) வந்து நிற்கும்! எந்த விகிதம் முதலில் வந்தாலும் விடை மாறாது. ஆனால் ஒரே சுற்றுக்குள் கோட்டுக்குக் கோடு விகிதத்தை மாற்றினால் எல்லாம் குலைந்துவிடும். மாணவர்கள் வழுக்கி விழும் இடம் இது.

ஆக, இப்படி மூன்று சுற்றில் கிடைக்கும் முப்படி வளைகோட்டுக்குப் பின்னால், சுற்றுக்கு ஒன்றாக மூன்று எண்களை வாங்கிக்கொண்டு ஒரு புள்ளியைத் தரும் சமச்சீரான சார்பு (எண்களின் வரிசையை மாற்றினாலும் விடை மாறாதது) ஒன்று இருக்கிறது. மூன்றும் ஒரே எண்ணாக இருந்தால் கிடைப்பது வளைகோட்டின் மேலுள்ள புள்ளி. 000, 001, 011, 111 என்று கொடுத்தால் நம் நான்கு கட்டுப்பாட்டுப் புள்ளிகள். காஸ்தெல்ஜோ இவற்றைத் துருவங்கள் என்றார்.

புள்ளிகளுக்கு இப்படி மூன்று எண்களால் பெயரிட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. வளைகோட்டை நடுவில் வெட்ட வேண்டுமா? இடப்பாதியின் புள்ளிகள் 000, 00½, 0½½, ½½½. அதாவது (0,0), (0,4), (2,6), (4,6). புதுக் கணக்கே வேண்டாம், மேலே போட்டதிலேயே இருக்கிறது. பல துண்டுகளை இணைத்து ஆகும் பி-ஸ்ப்ளைன் வளைகோட்டில் புதிய முடிச்சு (துண்டுகள் சேரும் இடம்) சேர்ப்பதும் இதே வழிதான். முக்கோணப் பரப்புத் துண்டுகளுக்கும் இது பொருந்தும்.

விகிதம் 0க்கும் 1க்கும் நடுவில் இருக்கும்வரை ஒவ்வொரு படியும் வெறும் சராசரி. அதனால் தசமங்களைச் சுருக்குவதால் வரும் பிழை பெருகாது. அந்த எல்லையைத் தாண்டி வளைகோட்டை நீட்டினால் பிழை வேகமாக வளரும்.

1980களில் லைல் ராம்ஷா தனி வழியில் இதே கருத்தை அடைந்து 'பிளாசம்' என்று பெயரிட்டார். ஆங்கிலப் பாடநூல்களில் பரவியது அந்தப் பெயர். காஸ்தெல்ஜோ 2022இல் மறைந்தார். நம் பொறியியல் கல்லூரிகளின் கணினிவழி வடிவமைப்புப் பாடத்தில், கால்பங்கையும் அரைப்பங்கையும் இடம் மாற்றிப் பார்க்கும் இந்தப் பயிற்சியை அவர் பெயரோடு சேர்க்க வேண்டும். ஒரு வகுப்பு நேரம் போதும்.

இப்படிக்கு,
வடிவமைப்புக் கணிதம் கற்பிப்போர், கோயம்புத்தூர்