மே மாதக் குறுஞ்செய்தி தமிழில் வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடைமுறையில் இருக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் பகுதி விசைப்படகுத் தொழிலாளர் குடும்பங்களில் வரவு நின்றுபோகிறது. அதே தடைக்காலத்தின் நடுவில்தான், மே மாத இறுதிக்குள், பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்துக்கு 20 ரூபாயும் ஆயுள் காப்பீட்டுத் திட்டத்துக்கு 436 ரூபாயும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படுகின்றன. கணக்கில் பணம் இல்லையென்றால், தலா 2 லட்சம் ரூபாய்க்கான அந்தப் பாதுகாப்பு நின்றுவிடும். கடலை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது சிறிய இழப்பல்ல. ஆனால் இதைத் தெரிவிக்கும் குறுஞ்செய்தி எங்கள் பகுதியில் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருவதால், கடன் விளம்பரங்களோடு விளம்பரமாக அதுவும் படிக்கப்படாமல் போகிறது.

தங்கச்சிமடத்தில் எங்கள் உறவினர் ஒருவர் மாரடைப்பால் இறந்தபோது, அவருடைய பாஸ்புக்கில் ஆண்டுதோறும் 436 ரூபாய் கழிக்கப்பட்டிருந்ததை வீட்டார் வங்கிக் கட்டணம் என்றே எண்ணியிருந்தார்கள். கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் பாஸ்புக்கில் அந்தத் தொகைக்கு எதிரே இருந்த ஆங்கிலச் சுருக்கப் பெயரைப் பார்த்துச் சொன்ன பிறகே, இழப்பீடு கேட்க உரிமை உண்டு என்பது அவர் மனைவிக்குத் தெரிந்தது. வங்கியில் கொடுத்த படிவமும் ஆங்கிலம். இத்தனைக்கும் இத்திட்டங்களுக்கான தமிழ்ப் படிவம் மத்திய அரசின் இணையதளத்திலேயே இருக்கிறது. அதை அச்சிட்டுக் கிளையில் வைப்பதற்குப் புதிய ஆணை எதுவும் தேவையில்லை.

அரசுத் துறைகளையும் பொதுத்துறை வங்கிகளையும் கட்டுப்படுத்தும் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4(4) பிரிவு, தகவலைப் பரப்பும்போது உள்ளூர் மொழியையும் அப்பகுதிக்கு ஏற்ற வழிமுறையையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது. ஆகவே நாங்கள் சலுகை எதுவும் கேட்கவில்லை. காப்பீட்டுத் தொகை பிடிக்கப்படும் செய்தியும், ஆதார் இணைப்புக் கோளாறால் அரசு தரும் 8,000 ரூபாய் தடைக்கால நிவாரணம் கணக்கில் ஏறாமல் திரும்பினால் அதற்கான காரணமும், அடுத்து எங்கே போய் என்ன கொடுக்க வேண்டும் என்பதும் தமிழில் வர வேண்டும்.

எழுத்தில் வந்தால் மட்டும் போதாது. கடற்பாசி எடுக்கும் பெண்களிலும் மூத்த மீனவர்களிலும் தமிழையும் வாசிக்க இயலாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காதில் விழும்படி சொல்ல, பாம்பனிலிருந்து ஒலிக்கும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி இருக்கிறது. மீன் ஏலக்கூடங்களிலும் ஊர்க் கூட்டங்களிலும் ஒலிபெருக்கி இருக்கிறது.

மாவட்ட ஆட்சியரும், மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரும், மீன்வளத் துறையினரும் கலந்துபேசி, தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் மாதத்திலேயே, எந்தத் தொகை எந்தத் தேதிக்குள் கணக்கில் இருக்க வேண்டும் என்பதைக் கடலோரக் கிராமங்கள் அனைத்திலும் தமிழில் அறிவிக்க ஏற்பாடு செய்யுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த வாசகர்,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.