குடியிருப்போர் நலச்சங்கம்: 2024–25 ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

தலைவர், நிர்வாகிகள், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோவை மாநகராட்சி எல்லையை ஒட்டிய நமது ஊராட்சியில் இவ்வாண்டு நேர்ந்த பெரிய மாற்றம், 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, நிர்வாகம் தனி அலுவலரிடம் சென்றதாகும். அதுவரை தெருவிளக்கு எரியவில்லையென்றால் வார்டு உறுப்பினரின் வீட்டுக்கே போய்ச் சொன்னோம். இப்போது தனி அலுவலராக ஒன்றியத்தின் எல்லா ஊராட்சிகளுக்கும் பொறுப்பான வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மனுக் கொடுக்கிறோம். அலுவலர் மீது நமக்கு மனக்குறை இல்லை. அடுக்குமாடிகளும் மனைப்பிரிவுகளும் பெருகிய இத்தனை ஊர்களை ஒருவரே பார்ப்பது இயலாத காரியம்.

பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட நமது ரிசர்வ் சைட் இதற்குச் சான்று. மனைப்பிரிவு அங்கீகாரத்தின்போது தானப் பத்திரத்தின் வழியே ஊராட்சிக்கு எழுதித் தரப்பட்ட அந்த இடத்துக்கு வேலி அமைக்க, அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் நிறைவேறியது. செலவு மதிப்பீடு தயாராகுமுன் ஊராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. ஜனவரி 26 கிராம சபையில் மீண்டும் வலியுறுத்தினோம். இதற்கிடையில் கட்டட இடிபாடுகளும் கோழிக்கழிவும் இரவோடு இரவாக அங்கே கொட்டப்பட்டு, மழை பெய்தால் கடைசித் தெருவில் கதவைத் திறக்க முடியாத நிலை ஏற்பட்டுள்ளது. சங்க நிதியில் நாமே வேலி போடலாம் எனச் சிலர் கூறினர். இடம் ஊராட்சியுடையது என்பதால், எழுத்துப்பூர்வ அனுமதியின்றி அதைச் செய்யச் செயற்குழு உடன்படவில்லை.

மாநகராட்சியுடன் இணைவது பற்றி இரு கருத்துகள் உள்ளன. பாதாளச் சாக்கடையும் அன்றாடக் குப்பை வண்டியும் வேண்டுமென்று மனைப்பிரிவினர் இணைப்பை விரும்புகின்றனர். பழைய ஊரைச் சேர்ந்தோர், நூறு நாள் வேலை போய்விடும், வீட்டுவரி கூடும் என்று அஞ்சுகின்றனர். அந்த அச்சம் நியாயமானதே. துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி, வடவள்ளி ஆகிய பேரூராட்சிகள் 2011 இல் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. எல்லை மாறியவுடன் சாக்கடை வந்துவிடும் என நம்புவோர், அங்குள்ள உறவினர்களிடம் எத்தனை ஆண்டு காத்திருந்தார்கள் என்று விசாரிப்பது நலம். இணைப்போ தனி ஊராட்சியோ, தேர்தல் நடந்து மக்கள் பிரதிநிதிகள் வந்தாக வேண்டும் என்பதில் இரு தரப்பும் ஒன்றுபட்டதால், அதனை மட்டும் வலியுறுத்தி மாவட்ட நிர்வாகத்துக்கு மனு அனுப்பியுள்ளோம்.

நல்ல தண்ணீர் விநியோக நாட்களில் மாற்றமில்லை. உப்புத் தண்ணீர் மோட்டார் பழுது நீக்கப்பட்டது.

வேலி கோரும் மனு நுழைவாயில் மேசையில் உள்ளது. வீட்டுக்கு ஒருவர் கையொப்பமிடக் கேட்டுக்கொள்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து முன்வைப்பார்.

செயலாளர்