‘அ’ காத்திருக்கட்டும், ‘ட’வில் தொடங்குங்கள்

ஆசிரியருக்கு,

மும்பையில் பல தமிழ்க் குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்து அறிமுகமாவது வீட்டில்தான். முதல் நாளே ‘அ’ எழுதச் சொல்லிக் கையைப் பிடித்து அழுத்த வேண்டாம். அந்தச் சுழி 3 வயது விரலுக்குக் கடினம். ட, ப என்று நேர்கோடுகளில் தொடங்கி ‘ம’வுக்குப் போங்கள். ‘ம’ மேல் ஒரு புள்ளி வைத்தால் இந்த மூன்றிலேயே ‘படம்’ வந்துவிடும், பிள்ளைக்கு எவ்வளவு பூரிப்பு!

அடர்நிறத் தட்டில் ரவையை மெல்லிசாகப் பரப்பி எழுதவிடலாம். தடிமனாகக் கொட்டினால் கோடு சரிந்து மூடிக்கொள்ளும்.

மாவு எழுத்துக்கு 2 கப் மைதா, 1 கப் தூள் உப்பு. தண்ணீர் 1 கப்புக்குச் சற்றுக் குறைவாக, சிறிது சிறிதாக. பென்சில் பருமனுக்கு உருட்டி, எழுத்தாக வளைத்துக் காயவிடுங்கள்; தடித்தால் உள்ளே காயாது. கடும் வெயிலில் வைத்தால் வெடிக்கும். உப்பு அதிகம் என்பதால் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே இது சரிப்படாது. உப்பு ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும்.

மழைக்காலத்துக்கு, மரம் தேய்க்கும் சொரசொரப்பான உப்புத்தாள்தான். எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டி, எழுதும் திசையிலேயே விரலால் தடவச் செய்யுங்கள். தொடங்கும் இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு வையுங்கள். இல்லாவிட்டால் கீழிருந்து மேலே இழுக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

மழலையர் வகுப்பு ஆசிரியைகள்,
மாட்டுங்கா, மும்பை