பட்டியலில் உள்ள பட்டப்பெயர்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நாங்கள் அண்மையில் அனுப்பிய பட்டியலில் பிரிட்டன், அயர்லாந்து நாணயப் பக்கங்களைப் பார்த்த பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். ‘பாப் என்கிறீர்கள், டானர் என்கிறீர்கள், காசின் மேல் அப்படி எதுவும் பொறிக்கப்படவில்லையே?’ காசின் மேல் இருப்பது அரசாங்கம் வைத்த பெயர். பட்டியலில் இருப்பது கடைத்தெரு வைத்த பெயர். சேகரிப்பாளர்கள் இரண்டையும் கலந்தே பேசுவதால் நாங்களும் அப்படியே எழுதினோம். விளக்கமும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று நீங்கள் கேட்பதால் இந்த மடல்.

முதலில் கணக்கு. பழைய முறையில் ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். ஷில்லிங்கின் செல்லப்பெயர் பாப். ஆறு பென்ஸ் காசு டானர். பவுண்டு என்றால் குவிட். 21 ஷில்லிங் சேர்ந்தது ஒரு கினி. கினி நாணயம் கடைசியாக அச்சானது 1814-இல். ஆனால் இங்கிலாந்தின் குதிரைப் பந்தய ஊரான நியூமார்க்கெட்டில் பந்தயக் குதிரைகளை இன்றும் கினிக் கணக்கில்தான் ஏலம் விடுகிறார்கள். பத்து ஷில்லிங் நோட்டு ‘பத்து பாப்’. ஒன்பது ஷில்லிங்குக்கு நோட்டே கிடையாது. ஆகவே நம்பத்தகாத ஆளை ‘ஒன்பது பாப் நோட்டு’ என்பார்கள். அதைத் தயவுசெய்து எங்களிடம் கேட்க வேண்டாம்.

1971 பிப்ரவரி 15, திங்கட்கிழமை. அன்றிலிருந்து பவுண்டுக்கு 100 புதிய பென்ஸ். நாம் அணாவை விட்டு நயா பைசாவுக்கு மாறிக் கிட்டத்தட்டப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. புதிய பென்னியைச் சுருக்கி ‘பீ’ என்றார்கள். ஆங்கிலேயர் காதில் அது சிறுநீராக விழுந்து பள்ளிப் பிள்ளைகள் சிரித்தார்கள். தமிழ்க் காதில் எப்படி விழும் என்று நாங்கள் எழுத வேண்டியதில்லை. இதற்கு முன்பே, 1969-இல், பத்து பாப் நோட்டுக்குப் பதிலாக ஏழு பக்கங்கள் கொண்ட 50 பென்ஸ் காசு வந்தபோது, ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் எழுபக்கக் காசை எதிர்ப்பதற்கென்றே சங்கம் தொடங்கினார். காசு அழகாக இல்லையாம், அரசிக்கும் அவமானமாம். காசு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, சங்கத்தைத்தான் காணவில்லை. அந்த நாட்களில் பரவிய நகைச்சுவைகளில் எங்களுக்குப் பிடித்தது மூதாட்டி ஒருவரின் முறையீடு: ‘வயதானவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்த பிறகு இந்த மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கக் கூடாதா?’

1983-இல் ஒரு பவுண்டு நோட்டின் இடத்தைப் பிடிக்கக் கனமான, மஞ்சள் நிற ஒரு பவுண்டு நாணயம் வந்தது. பிரதமராக இருந்தவர் மார்கரெட் தாட்சர். அந்தக் காசுக்கு அவருடைய செல்லப்பெயரான ‘மேகி’யையே வைத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், ‘கடினமானது, விளிம்பு சொரசொரப்பு, தன்னை ஒரு சவரன் என்று நினைத்துக்கொள்கிறது’ என்று பதில் வரும். நகைக்கடைக்குப் போய் வந்த எந்தத் தமிழருக்கும் இந்தக் கிண்டல் பாதி புரிந்துவிடும். நாம் எட்டு கிராம் தங்கத்தைச் சவரன் என்பது அந்த ஒரு பவுண்டு தங்க நாணயத்தின் பெயரால்தான். அவர்கள் மொழியில் அதே சொல்லுக்கு முடியாட்சி புரிபவர் என்றும் பொருள். பித்தளை நிறத்துக் காசு தங்கமாக நடிக்கிறது, பிரதமர் அரசியாக நடிக்கிறார். ஒரே அடியில் இரண்டு பேருக்கும் குட்டு.

லண்டன் பேச்சில் பத்து பவுண்டு ‘டென்னர்’. உச்சக்குரல் பாடகரைக் குறிக்கும் சொல்லும் கிட்டத்தட்ட அப்படியே ஒலிப்பதால் பத்து பவுண்டு நோட்டு, புகழ்பெற்ற இத்தாலியப் பாடகரின் பெயரால் ‘பவரொட்டி’ ஆனது. ‘உனக்குத் தரவேண்டிய சிக் ஸ்குவிட் இதோ’ என்று சொல்லி நோயாளிக் கணவாய் மீனை நீட்டுகிற பழைய கடி ஜோக்கும் உண்டு. ‘சிக்ஸ் குவிட்’ என்று, அதாவது ஆறு பவுண்டு என்று, வேகமாகச் சொல்லிப் பாருங்கள்.

இப்போது எங்களை அதிகம் தொல்லைப்படுத்தும் விஷயம். 500 பவுண்டை ‘குரங்கு’ என்றும் 25 பவுண்டை ‘மட்டக்குதிரை’ என்றும் சொல்வது வழக்கம். பிரிட்டிஷ் இந்தியாவின் 500 ரூபாய் நோட்டில் குரங்குப் படம் இருந்ததால் பிரிட்டிஷ் சிப்பாய்கள் அந்தப் பெயரைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அந்த நோட்டு கிடைக்குமா என்று விசாரிக்கிறவர்கள் குறையவே இல்லை. கிடைக்காது. குரங்கு படம் போட்ட ரூபாய் நோட்டு அச்சடிக்கப்பட்டதே இல்லை. அந்தச் சொல் 1830களிலேயே அச்சில் காணக்கிடைக்கிறது. இந்திய அரசு காகிதப் பணம் வெளியிட வழிசெய்த சட்டம் 1861-இல்தான் வந்தது. யாராவது அப்படியொரு நோட்டை விற்க வந்தால் பணத்தைப் பத்திரமாகச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள்.

விலங்குக் காசு வேண்டுமென்றால் அயர்லாந்துக்குப் போக வேண்டும். 1928-இல் வெளிவந்த அந்நாட்டின் முதல் நாணய வரிசையைத் தேர்ந்தெடுத்த குழுவுக்குத் தலைவர் கவிஞர் யேட்ஸ். வரைந்தவர் பெர்சி மெட்காஃப் என்ற ஆங்கிலேயர். இரண்டரை ஷில்லிங் மதிப்புள்ள அரை கிரௌனில் குதிரை, இரண்டு ஷில்லிங் மதிப்புள்ள ஃப்ளோரினில் சால்மன் மீன், ஷில்லிங்கில் காளை, டானரில் வேட்டைநாய், மூன்று பென்ஸில் முயல், பென்னியில் கோழியும் குஞ்சுகளும், அரை பென்னியில் பன்றியும் குட்டிகளும், காலணாவுக்கு நிகரான ஃபார்திங்கில் உட்காக் என்ற நீண்ட அலகுப் பறவை. பன்றியின் உடல்வாகு சந்தைக்கு ஏற்றதாக இல்லை என்று வேளாண் துறையினர் சொல்ல, ஓவியர் திருத்த வேண்டியதாயிற்று. எங்கள் கண்ணுக்கு, அரசர் தலை மட்டுமே மாறி மாறி வந்த பிரிட்டன் காசுகளைவிட இந்தப் பண்ணை வரிசைதான் அழகு. எல்லாக் காசின் மறுபக்கத்திலும் யாழ் இருந்ததால், அங்கே காசைச் சுண்டும்போது ‘தலையா யாழா’ என்றே கேட்பார்கள்.

அயர்லாந்து 2002 ஜனவரி 1 அன்று யூரோவைக் கையில் எடுத்தது. பழைய பவுண்டு பிப்ரவரி 9 வரை செல்லுபடியானது. ஒரு யூரோவுக்கு 0.787564 ஐரிஷ் பவுண்டு என்பது கணக்கு. இதைப் போட்டுப் பார்க்க வீடுதோறும் ஒரு சிறு கணக்குக் கருவி அனுப்பினார்கள். பணம் மாறியது, பேச்சு மாறவில்லை. யூரோவையும் குவிட் என்றே சொல்கிறவர்கள் அங்கே நிறைய. கையில் கொஞ்சம் பணம் இருப்பவரிடம் இன்றும் ‘சில பாப்’ இருக்கிறது. குறும்புக்காரர்கள் யூரோவை ‘யோயோ’ என்கிறார்கள்.

வீட்டுப் பெட்டியில் ஐரிஷ் பவுண்டு நோட்டு கிடைத்தால் செல்லாக்காசு என்று வீசிவிடாதீர்கள். அயர்லாந்து மத்திய வங்கி கால வரம்பின்றி மாற்றித் தருகிறது. பழைய பத்து பாப் நோட்டுக்கும் இங்கிலாந்து வங்கி 50 பென்ஸ் தரும். ஆனால் சுத்தமான நோட்டாக இருந்தால் அதற்கு முன் எங்களிடம் காட்டுங்கள். 1928 முதல் 1943 வரையிலான ஐரிஷ் ஷில்லிங், ஃப்ளோரின், அரை கிரௌன் ஆகியவற்றில் 75 சதவீதம் வெள்ளி. கறுத்திருக்கிறதே என்று புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவருகிறார்கள். அப்படித் தேய்த்த காசுக்கு வெள்ளி எடைக்கு மேல் ஒரு பைசாகூடத் தர எங்களால் முடியாது.

முயல் காசு கையிருப்பு தீர்ந்துவிட்டது. காளையும் சால்மனும் இருக்கின்றன.

அன்புடன்,
கடை உரிமையாளர்