உறை பிரிந்த சண்டர்லாந்து

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள பாலா,

இங்கே எல்லோரும் நலம். காவடி முடிந்த கையோடு உன் கடிதம் வந்து சேர்ந்தது. தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். டர்பனில் மழையும் புழுக்கமும் மாறி மாறி வருகின்றன.

உன் மாமா வீட்டுப் பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் சண்டர்லாந்து, அதாவது தண்ணீரில் இறங்கும் அந்தப் பழைய விமானத்தின் 1/72 அளவு பிளாஸ்டிக் மாடல் கிட். கட்டுவதா, அப்படியே வைப்பதா என்று கேட்கிறாய். நீ கடிதத்தோடு வைத்திருந்த படங்களில் பை பிரிந்திருக்கிறது. இறக்கை மிதவை இரண்டையும் யாரோ உறுப்புகள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டியிருக்கிறார்கள். ஓர் எஞ்சின் மூடியில் பசைக் கறை வேறு. பாதிப் பதில் அதிலேயே வந்துவிட்டது. பழைய கிட்டுக்குக் காசு கொடுப்பவன் பிளாஸ்டிக்குக்குக் கொடுப்பதில்லை. பிரிக்காத பைக்கும் முனை நசுங்காத பெட்டிக்கும்தான் கொடுக்கிறான். இந்த அச்சு 1959இல் வந்தது. பிறகு பலமுறை மறுபடி வார்த்து விற்றார்கள், அதனால் பிளாஸ்டிக்குக்கு அருமை இல்லை. பை மட்டும் ஒட்டு விடாமல் இருந்திருந்தால் 'தொடாதே' என்று ஒரே வரியில் எழுதி முடித்திருப்பேன்.

கட்டிவிடு. ஆனால் பெட்டியும் செய்முறைத் தாளும் டெக்கல் தாளும் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் குறிகள், எழுத்துகள்) வேறு கணக்கு. ஓவியர் ராய் கிராஸ் 1964 முதல் 1974 வரை ஏர்ஃபிக்ஸுக்கு வரைந்த பெட்டிப் படங்களுக்காகவே வெறும் பெட்டியைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். உன் பெட்டியில் இருப்பது யார் படமானாலும் அதன்மேல் கனமான எதையும் அடுக்காதே. சிமெண்டுத் தரையிலும் கூரைக்கு அடியிலும் வைக்காதே. சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு உள்ளே போடு. செய்முறைத் தாளில் கம்பிப் பின் இருந்தால் கழற்றிவிடு. துரு தாளைத் தின்னும்.

தொடங்கும் முன் டெக்கல் தாளை 600 டிபிஐயில் ஸ்கேன் செய். மஞ்சள் ஏறியிருந்தால் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி ஓரிரு வாரம் வெயில் காட்டு, வெளுக்கும். பிறகு, தேவையில்லாத ஒரு சிறு எழுத்தை வெட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டுப் பார். நழுவினால் கவலையில்லை. அப்பளம்போல் நொறுங்கினால் மொத்தத் தாளின்மேலும் பளபளப்பான கிளியர் வார்னிஷ் மெல்லிதாக இரண்டு பூச்சு அடித்து ஒரு நாள் காயவிடு. அதன்பின் எல்லாம் ஒரே படலமாகிவிடும், ஒவ்வொன்றையும் ஓரத்தோடு ஒட்டி வெட்ட வேண்டும். ஸ்கேனிலிருந்து புதிதாக அச்சிட நினைத்தால், வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது என்பதை மறக்காதே.

உறுப்புகளைப் பாத்திர சோப்புத் தண்ணீரில் கழுவு, அச்சு எண்ணெய் போகட்டும். இறக்கைப் பாதி வளைந்திருந்தால் வெந்நீரில் அரை நிமிடம் வைத்து, கையால் நேராக்கி, அப்படியே பிடித்தபடி குளிர்ந்த நீரில் முக்கு. கொதிக்கும் நீர் வேண்டாம், உருவமே போய்விடும்.

இதில் ஆள் ஏமாறும் இடம் உடல் பகுதிதான். பக்கவாட்டு ஜன்னல் கண்ணாடிகளை உள்ளிருந்து பொருத்தி, இரண்டு பாதியையும் மூடிய பிறகு ஒன்று உள்ளே விழுந்தால் எடுக்க வழியே இல்லை. ஒவ்வொன்றையும் பிவிஏ வெள்ளைப் பசையால் ஒட்டி, மறுநாள் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு மூடு. சூப்பர் க்ளூ பக்கமே போகாதே, அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் படலமாகப் படியும். முதுகிலும் அடியிலும் ஓடும் இணைப்புக்கு மெல்லிய திரவப் பசை விட்டு அழுத்திப் பிடி. உருகிய பிளாஸ்டிக் நூல்போல் பிதுங்கினால் ஒட்டு சரி. இரண்டு நாள் கழித்து 400, பிறகு 600 உப்புத்தாள். அங்கே புடைத்த ரிவெட்டுகள் கொஞ்சம் தேயும், தேயட்டும். முழு உடலின் ரிவெட்டுகளையும் மழித்துவிட்டு, தகடு இணைப்புக் கோடுகளைப் புதிதாகக் கீறுகிறவர்கள் உண்டு. எனக்கு அது வீண் வேலையாகத் தெரிகிறது. அவ்வளவு நுணுக்கம் வேண்டுமென்றால் இத்தாலேரி கம்பெனியின் புதிய அச்சு இருக்கிறதே.

விமானத்தைக் கரையேற்றும் சக்கர வண்டியில் நிறுத்தினால், வால் சாயாமலிருக்க மூக்கில் ஈயம் வைக்கத் தேவையில்லை. வால் தன் வண்டிமேல்தான் உட்காரும்.

டர்பன் விமானமாக மாற்றலாமா என்றும் கேட்டிருந்தாய். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. நம் தென்னாப்பிரிக்க விமானப்படையின் 35ஆம் அணி டர்பன் துறைமுகத்துக் காங்கெல்லாவிலிருந்து 1957 வரை சண்டர்லாந்து ஓட்டியது. ஆனால் அவை மார்க் 5 வகை, உன் கையில் இருப்பது மார்க் 3. பெகாசஸ் எஞ்சின் நான்கையும் எடுத்துவிட்டு ட்வின் வாஸ்ப் வைக்க வேண்டும், புரொப்பெல்லரும் மாறும், இறக்கைக்கு அடியில் ரேடார் குமிழ்கள் செய்ய வேண்டும். அவ்வளவு அறுத்தபின் மிஞ்சுவது பழைய கிட்டும் இல்லை, நல்ல மார்க் 5உம் இல்லை. ஸ்பெஷல் ஹாபி கம்பெனி மார்க் 5 என்றே தனிக் கிட் போட்டிருக்கிறது. நம் படையின் ஆரஞ்சு வட்டக்குறியை அதில் ஒட்டு. இதை மார்க் 3 ஆகவே விடு.

வண்ணத்துக்கு ஜோகன்னஸ்பர்க் பக்கத்து உன் ஊர் ஒரு விதத்தில் நல்லது. இங்கே புழுக்கத்தில் லாக்கர் வார்னிஷ் அடித்தால் பால்போல் வெளுத்துவிடும். லெனேசியாவில் பிற்பகல் இடிமழைக்கு முன், காலையிலேயே அடித்து முடித்துவிடு. அக்ரிலிக் மட்டும் அந்த வறட்சியில் தூரிகையிலேயே காயும், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் சில சொட்டு சேர்த்துக்கொள். இன்னொன்று, கட்டி முடித்தால் இறக்கை நுனிக்கு நுனி கிட்டத்தட்ட 48 செண்டிமீட்டர் வரும். அலமாரியை இப்போதே அளந்து பார், இல்லாவிட்டால் தங்கச்சியிடம் நீதான் பேச்சு வாங்குவாய்.

டெக்கல் துண்டு தண்ணீரில் என்ன ஆனது என்று எழுது. நொறுங்கினால் ஸ்கேனை எனக்கு அனுப்பு, வெள்ளைத் தளமுள்ள டெக்கல் தாள் என்னிடம் நாலைந்து மிச்சம் இருக்கிறது.

அன்புடன்,
முரளி